குழுவுக்கு என்ன பெயர், உங்களுக்கு என்ன பெயர்: தாழ்வாரம் பதில்கள்

வாட்ஸ்அப், டெலிகிராம், டிஸ்கார்ட், ரெடிட் எதுவானாலும் சரி, குழுவுக்கும் உறுப்பினருக்கும் பெயர் வைப்பது பற்றிக் கேளுங்கள். லோகோ, முகப்புப் படம், ஜாதகப்படி முதலெழுத்து இதற்கெல்லாம் நான் ஆள் இல்லை.

மொட்டைமாடி: எங்க அபார்ட்மென்ட்டுக்கு நாலு வாட்ஸ்அப் குழு. எல்லாமே "ஸ்ரீலக்ஷ்மி நகர் குடியிருப்போர்"னு ஆரம்பிக்குது. தண்ணி லாரி வந்த செய்தியை கொலு குழுவுல போடுறாங்க. என்ன பண்ணலாம் சார்?

தாழ்வாரம்: வித்தியாசமான சொல்லை முன்னால் கொண்டு வாருங்கள். வாட்ஸ்அப் குழுப் பெயருக்கு 100 எழுத்துவரை இடம் தரும். ஆனால் அரட்டைப் பட்டியலில் கண்ணில் படுவது முதல் இரண்டு மூன்று சொற்கள்தான். "தண்ணீர், லிஃப்ட் – லக்ஷ்மி நகர்", "பராமரிப்புக் கணக்கு – லக்ஷ்மி நகர்", "அரட்டை – லக்ஷ்மி நகர்" என்று மாற்றிப் பாருங்கள், பாதிக் குழப்பம் தீரும். இன்னொன்று: அந்த 100 நம் கணக்குப்படி 100 அல்ல. "திருநெல்வேலி" நமக்கு ஆறெழுத்து. கணினியின் எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் அடிப்படை எழுத்தும் துணைக்குறியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் பன்னிரண்டு.

"அறிவிப்பு மட்டும்" என்று பெயர் வைத்தால் மட்டும் காலை வணக்கப் பூ நிற்காது. அட்மின்கள் மட்டுமே பதிவிடலாம் என்று அமைப்பில் மாற்றுங்கள். ஆண்டையும் பெயரில் சேர்க்காதீர்கள். "பொங்கல் விழா 2023" குழுவில் இன்றும் லிஃப்ட் பழுது பற்றிப் பேசிக்கொண்டிருக்கும் குடியிருப்புகள் உண்டு.

குமார்1987: டிஸ்கார்டில் முன்பு வெறும் குமார் என்றே இருந்தேன். இப்போது விடமாட்டேன் என்கிறது. அதனால்தான் இந்தப் பெயர்.

தாழ்வாரம்: 2023க்கு முன் டிஸ்கார்டில் பெயருக்குப் பின்னால் நான்கு இலக்கம் ஒட்டியிருக்கும், ஆயிரக்கணக்கான குமார்கள் ஒரே பெயரில் வாழ்ந்தார்கள். அந்த இலக்கத்தை எடுத்துவிட்டார்கள். இப்போது பயனர்பெயர் ஒருவருக்கு ஒன்றுதான்: ஆங்கிலச் சிற்றெழுத்து, எண், புள்ளி, அடிக்கோடு. ஆனால் மற்றவர்கள் பார்க்கும் காட்சிப்பெயர் தனி. அதில் தமிழிலேயே குமார் என்று போட்டுக்கொள்ளலாம், எத்தனை குமார் இருந்தாலும் தடையில்லை.

1987 நீங்கள் பிறந்த ஆண்டு என்றால் இன்றே எடுத்துவிடுங்கள். பாஸ்வேர்டை ஊகிப்பவனுக்கும், "வங்கியிலிருந்து பேசுறோம்" என்பவனுக்கும் பாதி வேலையை நீங்களே முடித்துத் தருகிறீர்கள்.

அத்தைமகன்: எங்க குடும்பக் குழுவுக்கு நல்ல பேரா ஒண்ணு சொல்லுங்களேன்.

தாழ்வாரம்: ஊரில் உங்கள் வீட்டை எப்படிச் சொல்வார்கள்? மில்லுக்காரர் வீடா, கிணத்தடி வீடா? அதையே வையுங்கள். "அன்பின் சிகரங்கள்" எல்லாம் முதல் பாகப்பிரிவினைப் பேச்சு வரைதான் தாங்கும்.

வைகைக்கரை: பள்ளித் தோழர்கள் குழுவில் ஐந்து செந்தில்குமார். இனிஷியல் போட்டால் அதிலும் இரண்டு 'எஸ்'.

தாழ்வாரம்: இனிஷியல் தீர்க்காததை ஊரோ தொழிலோ தீர்க்கும்: செந்தில்குமார் மேலூர், செந்தில்குமார் மெடிக்கல்ஸ். வாட்ஸ்அப்பில் ஒருவர் தன் போனில் உங்களை எப்படிச் சேமித்தாரோ அப்படித்தான் அவருக்குத் தெரிவீர்கள். சேமிக்காதவருக்கு மட்டும்தான் நீங்களே வைத்த பெயர் தெரியும். ஆகவே ஐந்து பேரும் சுயவிவரத்தில் ஊரைச் சேர்க்கட்டும், சேமித்தவர்கள் தங்கள் போனிலும் அப்படியே மாற்றிக்கொள்ளட்டும். பள்ளிக்கூடப் பட்டப்பெயரை அவரைக் கேட்காமல் போடாதீர்கள். அன்று "குண்டன்" என்றதற்குச் சிரித்தவர் இன்று தன் மகளின் முன்னால் போனைத் திறக்கிறார்.

சரவணன்92: என் பெயர் நன்றாக இருக்கிறதா?

தாழ்வாரம்: குமாருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஔவைரசிகை: எங்கள் அட்மின் பெயரிலேயே இன்னொருவர் நுழைந்து பணம் கேட்டார். இரண்டு பெயரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தும் வித்தியாசம் தெரியவில்லை.

தாழ்வாரம்: நல்ல கேள்வி, இதற்காகவே உட்கார்ந்திருக்கிறேன். தமிழ் எண்களில் சில எழுத்துகளோடு உருவம் ஒத்தவை. ௭ என்பது ஏழு, எ என்பது எழுத்து. ௮ எட்டு, அ எழுத்து. ௧, க, ௨, உ இவையும் அப்படியே. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. "அன்பரசி" என்ற பெயரின் முதலெழுத்துக்குப் பதில் எட்டைப் போட்டு ஒருவர் வந்தால் மென்பொருள் அதைப் புதுப்பெயராகவே ஏற்கும். உங்கள் பெயரிலேயே பாருங்கள்: ஔ ஒரே குறியீடு, ஒ, ள இரண்டையும் சேர்த்தடித்தால் வேறு. தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. ஸ்ரீயும் இப்படித்தான்: ஸ போட்டும் அடிக்கலாம், ஶ போட்டும் அடிக்கலாம், திரையில் ஒரே உருவம்.

செய்ய வேண்டியது: சந்தேகப் பெயரை நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்டுங்கள், பழைய பதிவுகள் வரவில்லை என்றால் ஆள் வேறு. பணம் கேட்டால் பெயரைப் பார்க்காதீர்கள், எண்ணைப் பார்த்துக் கூப்பிட்டுப் பேசுங்கள். காட்சிப்பெயர் எதற்கும் சாட்சி இல்லை.

நேர்படப்பேசு: சார், இத்தனை சிக்கலும் புனைபெயரால்தான். ஆதார் பெயர், அப்பா பெயர், ஊர் போட்டால்தான் உள்ளே விடுவோம் என்று எல்லாக் குழுவும் விதி வைக்கட்டும். சொந்தப் பெயரில் பேசத் துணிவில்லாதவர் ஏன் பேச வேண்டும்?

இரவுப்பணி: நான் நர்ஸ். எங்கள் வார்டு நிலைமையைச் சொந்தப் பெயரில் எழுதினால் மறுநாள் வேலை இருக்காது. நீங்க சோறு போடுவீங்களா?

நேர்படப்பேசு: அது விதிவிலக்கு. பெரும்பாலோர் வசைபாடத்தான் ஒளிகிறார்கள்.

தாழ்வாரம்: இதைத் தென் கொரியா ஒரு நாடாகவே செய்து பார்த்தது. 2007இல் பெரிய இணையதளங்களில் கருத்து எழுத அடையாளச் சரிபார்ப்பைச் சட்டமாக்கினார்கள். 2011இல் ஒரு பெரிய தளத்திலிருந்து சுமார் 3.5 கோடிப் பேரின் விவரங்கள் திருடு போயின. சேகரித்தால்தானே திருட முடியும்? 2012 ஆகஸ்டில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் சட்டத்தையே செல்லாது என்றது. கூகுள் பிளஸும் 2011இல் சொந்தப் பெயர்தான் வேண்டும் என்று கணக்குகளை முடக்கிப் பார்த்து, 2014இல் அந்த விதியைக் கைவிட்டது.

நேர்படப்பேசு: கொரியா கதை எதற்கு? நம் மரபில் ஆள் யார் என்று தெரிந்துதான் பேசுவோம்.

தாழ்வாரம்: நம் மரபா? குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டை எழுதியவர் யார்? செம்புலப்பெயனீரார். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. பாட்டில் வந்த உவமையையே பெயராக வைத்தார்கள். அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார், குப்பைக்கோழியார், எல்லாரும் அப்படியே. அப்பா பெயர் கேட்டிருந்தால் அந்தப் பாட்டுகள் உள்ளேயே வந்திருக்காது.

இரவுப்பணி: குப்பைக்கோழியார்! நான் மாத்திக்கப் போறேன்.

நேர்படப்பேசு: புலவர்கள் யாரையும் திட்டவில்லையே சார்.

தாழ்வாரம்: திட்டுபவரைத் திட்டியதற்காக நீக்குங்கள், பெயருக்காக அல்ல. சொந்தப் பெயரும் புகைப்படமும் போட்டுக்கொண்டே கூசாமல் வசைபாடுபவர்களை ஃபேஸ்புக்கில் தினமும் பார்க்கலாம். ஒரு குழுவுக்குத் தேவை ஒரே ஆள் ஒரே பெயரில் நிலைத்திருப்பது. பெயர் நீடித்தால் அதற்கென ஒரு மரியாதை சேரும், அதைக் காப்பாற்ற அவரே கவனமாகப் பேசுவார். வாரம் ஒரு பெயர் மாற்றுபவரைத்தான் தடுக்க வேண்டும். அப்புறம், நான் சார் இல்லை. இரண்டு முறை சொல்லிவிட்டீர்கள். பெயரை வைத்து ஆளை அளந்துவிடலாம் என்று வாதாடுபவர் நீங்கள்தான்.

ஏலக்காய்: அக்கா, குடும்பக் குழுவுக்கு ஒரு நல்ல பெயர்?

தாழ்வாரம்: மேலே.

காகிதக்கப்பல்: இலக்கியக் குழு தொடங்குகிறோம். பொருள் தெரியும் பெயரா, ரசனையான பெயரா?

தாழ்வாரம்: இரண்டுக்கும் முன்னோடி உண்டு. இணையத்தின் பழைய விவாதக் குழு வலையமைப்பான யூஸ்நெட்டில் பெயர் என்பது அலமாரி விலாசம். 1987இல் பெரிய பெயர்மாற்றம் முடிந்தபோது காம்ப் (கணினி), மிஸ்க் (இதர), நியூஸ் (யூஸ்நெட் செய்தி), ரெக் (பொழுதுபோக்கு), சை (அறிவியல்), சாக் (சமூகம்), டாக் (விவாதம்) என்று ஏழு தலைப்புகள். முக்கியக் குழுக்கள் அவற்றில் ஒன்றின் கீழ். தமிழர்கள் கூடியது சாக்.கல்ச்சர்.தமிழ். பெயரைப் பார்த்தாலே என்ன பேசுவார்கள் என்று தெரியும், வேறெதுவும் தெரியாது. பிறகு யாஹூ குழுமங்கள் வந்தபோது நம்மவர்கள் வைத்த பெயர்கள் மரத்தடி, ராயர் காபி கிளப். பொருளே சொல்லவில்லை, வந்து உட்கார் என்றன. 2020 இறுதியில் யாஹூ கடையையே மூடிவிட்டது. ஆனாலும் அந்தப் பெயர்களைச் சொன்னால் அங்கே எழுதியவர்கள் முகம் மலரும்.

தேடி வரும் புதியவர் வேண்டுமென்றால் பொருளைச் சொல்லுங்கள். இருப்பவர் தங்க வேண்டுமென்றால் இடத்தைச் சொல்லுங்கள். உங்களுக்கு ஐம்பது பேர் போதும் என்றால் இரண்டாவது. விளக்கக் குறிப்பில் "சிறுகதை வாசிப்பு" என்று ஒரு வரி சேர்த்தால் தேடலும் கைவிடாது.

தனிக்கட்சி: அட்மினோடு சண்டை. பிரிந்து வருகிறோம். "உண்மையான" என்று முன்னால் சேர்க்கலாமா?

தாழ்வாரம்: தி.மு.க.வுக்கு முன்னால் ஓர் எழுத்தைச் சேர்ப்பது 1972லும் (அ.தி.மு.க.) 1994லும் (ம.தி.மு.க.) பெரியவர்களே செய்த வேலைதான். ஆனால் "உண்மையான" வேண்டாம், அடுத்த வாரம் அவர்களும் அதையே போடுவார்கள். புதுப் பெயர் வையுங்கள்.

புவனா2001: வணக்கம் அக்கா, எனக்கு ஒரு நல்ல பெயர்…

தாழ்வாரம்: 2001ஐ எடுத்துவிட்டு வாருங்கள்.

நேர்படப்பேசு: அந்தக் கொரியத் தீர்ப்பு பற்றி மேலும்…

தாழ்வாரம்: இல்லை.

தெருமுனை: பெயர் பிடிக்கவில்லை என்றால் பிறகு மாற்றிக்கொள்ளலாம்தானே?

தாழ்வாரம்: இடத்தைப் பொறுத்தது. வாட்ஸ்அப்பில் எப்போது வேண்டுமானாலும். ரெடிட்டில் சப்ரெடிட், அதாவது அங்குள்ள குழுவின் பெயரை மாற்றவே முடியாது. எழுத்துப்பிழையோடு தொடங்கினால் பிழையோடுதான் வாழ வேண்டும். கணக்கை அழித்தாலும் அந்தப் பயனர்பெயர் திரும்பக் கிடைக்காது. டெலிகிராம் நேர்மாறு: பொதுப் பெயரை விட்ட பிறகு அதை வேறொருவர் எடுத்துக்கொள்ளலாம், உங்கள் பழைய இணைப்பைச் சொடுக்குபவர்கள் அவர் வீட்டுக்குப் போவார்கள். ஆகவே அங்கே பழைய பெயரை இன்னொரு காலிச் சேனலில் போட்டுப் பிடித்து வைத்துக்கொண்டு, புது முகவரியை அதில் எழுதிவிடுங்கள்.