பச்சிலை காயத்தை ஆற்றுகிறதா என்று எப்படிச் சோதிப்பார்கள்?

கோத்தகிரிப் பக்கம் தேயிலை கவாத்து செய்யும்போது கத்தி பட்டால் இலையைக் கசக்கிப் பிழிகிறார்கள், ரத்தமும் நிற்கிறது, இதற்கு மேல் என்ன சோதனை என்று கேட்டிருக்கிறீர்கள். சின்ன வெட்டு என்றால் அழுத்திப் பிடித்தாலே ரத்தம் நின்றுவிடும். இலை வைக்காவிட்டாலும் ஆறும். அதனால் ஒப்பிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

நீலகிரியில் வளரும் மஞ்சள் பூச்செடி ஹைபெரிகம் ஹூக்கெரியானம். அதன் இலை, தண்டுச் சாற்றைக் களிம்பாக்கி எலிகளில் சோதித்த ஆய்வு 2000-இல் வெளிவந்தது. இவ்வகைச் சோதனையில் மயக்கமருந்து கொடுத்து, முதுகில் ஒரே அளவாகத் தோலை அகற்றுவார்கள். ஒரு கூட்டத்துக்கு மூலிகைக் களிம்பு, இன்னொன்றுக்கு நைட்ரோஃபுரசோன் போன்ற தெரிந்த மருந்து, மூன்றாவதற்கு மருந்தே சேர்க்காத வெறும் களிம்பு. இந்த மூன்றாவதுதான் உயிர்நாடி. அது இல்லாவிட்டால் ஆற்றியது இலையா, உடம்பா என்று தெரியாது. புண்ணின் மேல் கண்ணாடித்தாளை வைத்து ஓரத்தை வரைந்துகொண்டே வந்து, பரப்பு எவ்வளவு சுருங்கியது என்று கணக்கிடுவார்கள். அப்புறம் இன்னொரு சோதனை, வெட்டித் தைத்த காயத்தில்: பத்தாம் நாள் வாக்கில் அதை இழுத்து, எவ்வளவு விசையில் பிரிகிறது என்று அளப்பார்கள்.

ஆனால் ஒன்று, எலிப்புண் பெரும்பாலும் தோல் சுருங்கியே மூடிக்கொள்ளும். நம் தோல் அப்படியில்லை. எலியில் தேறியதெல்லாம் மனிதரிடம் தேறாது.

சரி, தோட்டத்து இலையில் மண் ஒட்டியிருக்கும், மண்ணில் டெட்டனஸ் கிருமி இருக்கலாம். ஆழமான வெட்டு என்றால் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.