கொசுவை விடுங்கள், காய்ச்சலைக் கவனியுங்கள்

(மன்னார்குடி பக்கத்து வாசகர், வயது 34. எச்.ஐ.வி. தொற்று தெரிந்து, ஆறு வாரமாகத் தஞ்சாவூரில் எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரை வாங்குகிறார். மனைவிக்குத் தொற்று இல்லை.)

கொசு, டம்ளர், துண்டு, வாய்க்கால் படித்துறை என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். இதில் எதன் வழியாகவும் எச்.ஐ.வி. பரவாது. கொசுவுக்குப் பயப்படுவதென்றால் டெங்குவுக்குப் பயப்படுங்கள். உங்களைத் தூங்கவிடாத கேள்வி வேறு: என்னால் மனைவிக்கு வந்துவிடுமா?

மாத்திரையை விடாமல் போட்டால் வராது. வைரஸ் பெருகுவதை மருந்து தடுக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு ஆறு மாதத்துக்குள் ரத்தப் பரிசோதனையில் தென்படாத அளவுக்கு இறங்கிவிடும். அப்படியே நீடிக்கும்வரை உடலுறவு வழியாகத் துணைக்குத் தொற்றாது. சென்னை, புனே தம்பதிகளும் பங்கேற்ற ஒன்பது நாட்டு ஆய்வு ஒன்று, சீக்கிரமே மருந்து தொடங்கினால் துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011-லேயே காட்டியது. பிறகு வந்த ஐரோப்பிய ஆய்வில், வைரஸ் தென்படாத நிலையில் இருந்தவரிடமிருந்து துணைக்கு ஒரு தொற்றுகூடப் போகவில்லை. நீங்கள் இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை. ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று பார்க்கும் ஆறாம் மாத வைரல் லோடு ரிசல்ட் கைக்கு வரும்வரை ஆணுறை கட்டாயம். மனைவிக்கும் மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை டெஸ்ட் பார்த்துவிடுங்கள்.

"சி.டி.4 எதிர்ப்பு அணுக்கள் 620 இருக்கிறதே, இப்போதே மாத்திரை எதற்கு" என்று ஏதோ வீடியோவில் சொன்னார்களாம். சி.டி.4 குறையட்டும் என்று காத்திருந்த காலம் நம் நாட்டில் 2017-லேயே முடிந்துவிட்டது. எண்ணிக்கை நன்றாக இருப்பவர் உடம்பிலும் வைரஸ் பெருகிக்கொண்டுதான் இருக்கும், மருந்தில்லாவிட்டால் அடுத்தவருக்கும் போகும். நாளைக்கு ஏதாவது ஆனால் வீடியோக்காரரா வந்து நிற்பார்?

சரி, கடைசிப் பக்க ஓரத்தில் நெருக்கி எழுதிய அந்த ஒரு வரிக்கு வருகிறேன். பத்து நாளாகச் சாயங்காலம் ஆனால் காய்ச்சல், இருமல், வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. மெடிக்கலில் கேட்டு மூன்று நாள் ஆன்டிபயாடிக் வேறு. எனக்குக் கோபம் வந்தது இங்கேதான். இது காசநோயாக இருக்கலாம். ஏ.ஆர்.டி. தொடங்கிய முதல் சில மாதங்களில், எதிர்ப்புச் சக்தி மீண்டு வரும்போது, அதுவரை ஒளிந்திருந்த காசநோய் தலைகாட்டுவதும் உண்டு. இரண்டு வாரம் இருமினால் பரிசோதனை என்பது மற்றவர்களுக்கான கணக்கு. உங்களுக்கு ஒரு நாள் இருமலே போதும். குறுவை அறுப்பு முடியட்டும், மாத்திரை வாங்கும் தேதி வரட்டும் என்று தள்ளாமல் நாளைக்கே தஞ்சாவூர் பஸ் ஏறுங்கள்.

காசநோய்தான் என்றாலும் குணப்படுத்தலாம், அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். அதிலுள்ள ரிஃபாம்பிசின் உங்கள் எச்.ஐ.வி. மருந்தான டோலுடெக்ராவிரின் வேகத்தைக் குறைக்கும் என்பதால் அளவைக் கூட்டித் தருவார்கள். அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், கூட்டாதீர்கள். போகும்போது மெடிக்கலில் வாங்கிய அந்த மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள். சில ஆன்டிபயாடிக்குகள் காசநோயைக் கொஞ்ச நாள் மறைத்துவிடும், எதைப் போட்டீர்கள் என்று டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும்.