இரண்டாவது தோல்வியில்தான் வெளியே: டபுள் எலிமினேஷன் கேள்வி பதில்

கேள்வி: டபுள் எலிமினேஷன் என்றால் எல்லா அணிக்கும் இரண்டு ஆட்டம் என்று அர்த்தமா?

பதில்: குறைந்தது இரண்டு ஆட்டம் கிடைக்கும், ஆனால் விதி அது இல்லை. இரண்டு முறை தோற்றவர் வெளியே, அவ்வளவுதான். எல்லோரும் மேல் பிரிவில் ஆரம்பிப்பார்கள். அங்கே தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும். கீழேயும் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். மேலே தோற்காமல் நின்றவரும் கீழே தப்பிப் பிழைத்தவரும் இறுதியில் மோதுவார்கள்.

கேள்வி: எங்களிடம் 8 அணிகள். மொத்தம் எத்தனை ஆட்டம் வரும்?

பதில்: 14 அல்லது 15. யாரோடு யார் மோதுவது என்று கட்டம் போட்டு ஆட்டங்களை எண்ணாதீர்கள், தோல்விகளை எண்ணுங்கள். ஓர் ஆட்டத்துக்கு ஒரு தோல்வி. கோப்பை வாங்குபவர் தவிர மற்ற 7 பேருக்கும் தலா இரண்டு, ஆக 14. கோப்பை வாங்குபவரும் ஒருமுறை தோற்றிருந்தால் 15. சாதாரண நாக்-அவுட்டில் 7 ஆட்டத்திலேயே கதை முடிந்துவிடும். 16 அணியை வைத்து ஒரே நாளில் நடத்தலாம் என்று நானும் ஒருமுறை இறங்கினேன். 30 ஆட்டம், ஒரே மைதானம். இறுதி ஆட்டத்தை மறுநாள்தான் வைக்க முடிந்தது.

கேள்வி: கீழ்ப் பிரிவிலிருந்து வந்தவர் இறுதியில் ஜெயித்தும் கோப்பையைக் கொடுக்காமல் இன்னோர் ஆட்டம் ஆடச் சொல்கிறார்கள். இது என்ன நியாயம்?

பதில்: நியாயம்தான். அவர் ஏற்கெனவே ஒருமுறை தோற்றவர், எதிராளிக்கு இதுதான் முதல் தோல்வி. இப்போது ஆளுக்கு ஒன்று. இரண்டாவது தோல்வி யாருக்கு என்று பார்க்கத்தான் அந்தக் கூடுதல் ஆட்டம். இதை ரீசெட் என்பார்கள். சண்டை வீடியோ கேம்களுக்கான ஈவோ போட்டியில் இப்படித்தான். டோட்டா 2 வீடியோ கேமின் 'தி இன்டர்நேஷனல்' போட்டியில் ரீசெட் கிடையாது, ஐந்தில் மூன்று வென்றால் கோப்பை. 2017-இல் கீழிருந்து ஏறி வந்த டீம் லிக்விட், மேலிருந்து வந்த நியூபீயை 3-0 என்று அடித்துக் கோப்பையைத் தூக்கியது. பார்க்கிறவர்களுக்கு விறுவிறுப்பு. ஆனால் என்னைக் கேட்டால், அதுவரை தோற்காதவருக்கு அது அநியாயம்.

கேள்வி: முதல் ஆட்டத்திலேயே தோற்றால் கோப்பை கனவுதானா?

பதில்: இல்லை, ஆனால் மூச்சு வாங்கும். 8 அணிப் போட்டியில் தோற்காமல் வருபவருக்கு 4 ஆட்டம் போதும். உங்களுக்கு அந்தத் தோல்வியோடு சேர்த்து 7. காரணம், கீழ்ப் பிரிவில் நான்கு சுற்று. முதலில் கீழே இருப்பவர்களுக்குள், அடுத்து மேல் அரையிறுதியில் தோற்று விழுந்தவர்களோடு, மறுபடி கீழே இருப்பவர்களுக்குள், கடைசியாக மேல் பிரிவு இறுதியில் தோற்றவரோடு. அவரை வென்றால்தான் இறுதி ஆட்டம், கோப்பைக்கு அங்கே ரீசெட்டோடு சேர்த்து இரண்டு வெல்ல வேண்டும்.

கேள்வி: கீழே போனதும் முதலில் தோற்கடித்தவரே மறுபடி எதிரே வந்து நிற்பாரே?

பதில்: அதற்காகத்தான் மேல் அரையிறுதியில் தோற்றவர்களைக் கட்டத்தின் எதிர்ப்பாதியில் இறக்குவது வழக்கம். கடைசிச் சுற்றுகள் வரை தள்ளிப்போடலாம், அடியோடு தவிர்க்க முடியாது.

கேள்வி: 6 அணி வந்தால்?

பதில்: 8-க்கான கட்டம், இரண்டு பை. அதாவது இரண்டு அணிகள் முதல் சுற்று ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும்.

கேள்வி: மூன்றாம் இடத்துக்குத் தனி ஆட்டம் வேண்டாமா?

பதில்: வேண்டாம். கீழ்ப் பிரிவு இறுதியில் தோற்றவருக்கே மூன்றாம் இடம்.

கேள்வி: மல்யுத்தத்தில் வரும் ரெபசாஜும் இதுவும் ஒன்றுதானே?

பதில்: சொந்தக்காரர்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம். ஒலிம்பிக் மல்யுத்தத்தில் இறுதிக்குப் போன இருவரிடம் தோற்றவர்களுக்கு மட்டும்தான் மறுவாய்ப்பு, அதுவும் வெண்கலம் வரை. இங்கே யாரிடம் தோற்றாலும் வாய்ப்பு உண்டு, தங்கம் வரை போகலாம்.