ஓரத்தில் ‘பயாஸ்’ என்று கைடு எழுதிவிட்டால் தலைப்பையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: நான் தாராவியில் வளர்ந்தவள். மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்து, இப்போது மும்பையிலேயே கல்வியியலில் எம்.ஏ. இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். தமிழ் மீடியத்தில் படிக்கும் பிள்ளைகளைப் பெற்றோர் ஏன் ஆங்கில மீடியத்துக்கு மாற்றுகிறார்கள் என்பது என் ஆய்வேட்டின் தலைப்பு. என் ஆய்வு வழிகாட்டி (கைடு) முன்மொழிவின் ஓரத்தில் ‘பயாஸ் (ஒருபக்கச் சார்பு). விழுமியச் சார்பு இல்லாமல் எழுதவும்’ என்று குறித்துத் திருப்பித் தந்துவிட்டார். நான் வளர்ந்த இடம், என் மொழி என்பதால் இந்தத் தலைப்பை விட்டுவிட வேண்டுமா? ஸ்டேஷன் பக்கம் உள்ள ஒரு ப்ராஜெக்ட் சென்டரில் தலைப்பு முதல் வைவா (வாய்மொழித் தேர்வு) வரை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள். போகலாமா, ஐயா? பெற்றோரிடம் கேட்கப்போகும் கேள்வித்தாளையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: தலைப்பை விட வேண்டாம். அந்த சென்டருக்குப் போகவும் வேண்டாம். சென்டரைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. முதலில் கைடு எழுதியதைப் பார்ப்போம்.

விழுமியச் சார்பின்மை, அதாவது எது நல்லது, எது கெட்டது என்ற நம் சொந்த மதிப்பீட்டை ஆய்வில் கலக்காமல் இருப்பது என்று நம் துறையில் பேசுவதெல்லாம் பெரும்பாலும் ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபரை வைத்துத்தான். 1904இல் எழுதிய ஒரு கட்டுரையிலும், 1917இல் மியூனிக்கில் மாணவர்கள் முன் ஆற்றிய உரையிலும் அவர் இதை விரிவாகப் பேசியிருக்கிறார். அதில் பாதிதான் நம் வகுப்பறைகளுக்கு வந்து சேர்ந்தது. எதை ஆராய்வது என்று தேர்ந்தெடுக்கும்போதே நம் விழுமியங்கள் உள்ளே வந்துவிடும், அதைத் தவிர்க்க முடியாது என்று அவரே சொல்லிவிட்டார். உள்ளதையும் இருக்க வேண்டியதையும் போட்டுக் குழப்பாதே என்பதுதான் அவர் கிழித்த கோடு. எதிர்த்துப் பேச முடியாத மாணவர்களிடம் பேராசிரியர் மேடையிலிருந்து தன் அரசியலைத் திணிக்கக் கூடாது என்பது இன்னொன்று. தாராவியில் வளர்ந்தவர் தாராவியை ஆராயக் கூடாது என்று அவர் எங்கும் எழுதவில்லை. பணக்காரர்கள் வாழும் மலபார் ஹில்லில் வளர்ந்த ஒருவர் சர்வதேசப் பள்ளிகளைப் பற்றி ஆய்வு செய்தால் அந்தத் தாளின் ஓரத்தில் யாரும் பயாஸ் என்று எழுதுவதில்லை. சரி, அது வேறு கதை.

ஆனால் உங்கள் கேள்வித்தாளைப் பார்த்த பிறகு கைடு பக்கமும் கொஞ்சம் நியாயம் தெரிகிறது. ஆறாவது கேள்வி: ‘தாய்மொழிக் கல்வியின் அருமை தெரிந்தும் பிள்ளையை ஆங்கிலப் பள்ளிக்கு மாற்றியது ஏன்?’ இதைக் கேட்டதும் அந்த அம்மா கூண்டில் ஏறி நின்றுவிடுவார். ‘என்ன செய்றது, காலம் அப்படி இருக்கு’ என்பார். நீங்களும் அதைக் குறித்துக்கொண்டு வந்து, பெற்றோரிடம் குற்ற உணர்வு காணப்படுகிறது என்று முடிவுரையில் எழுதுவீர்கள். அந்தக் குற்ற உணர்வை அங்கே கொண்டுபோய் வைத்ததே உங்கள் கேள்விதான்.

அதையே இப்படிக் கேளுங்கள்: ‘எந்த வகுப்பில் மாற்றினீர்கள்? அதற்கு முந்தின வாரம் வீட்டில் யார் என்ன சொன்னார்கள்? ஃபீஸுக்குப் பணம் எப்படிப் புரட்டினீர்கள்?’ பதிலில் மாமியார் வருவார், சீட்டுப் பணம் வரும், ஆங்கிலம் பேசியதால் மாலில் வேலை கிடைத்த எதிர்வீட்டுப் பையன் வருவான், டீச்சர் இல்லாமல் ஓடிய மாதங்களும் வரலாம். பிள்ளைக்கு எது நல்லது என்று அந்தக் குடும்பம் நினைக்கிறதோ, அது அங்கேதான் கிடைக்கும். அவர்களுடைய விழுமியம் உங்களுக்குத் தரவு. உங்களுடைய விழுமியம் தரவு இல்லை. இந்த இரண்டும் ஒரே பத்தியில் கலந்து கிடப்பதைத்தான் கைடு பயாஸ் என்கிறார் என்று நினைக்கிறேன். ஒரு வரி விளக்கம் சேர்த்து எழுதியிருந்தால் நீங்கள் எனக்குக் கடிதம் எழுதியிருக்கவே வேண்டாம்.

ஆசிரியர்களையும் விட்டுவிடாதீர்கள். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கர் சிகாகோ நகரப் பள்ளி ஆசிரியர்களிடம் பேசினார். ஒவ்வொருவர் மனத்திலும் ‘நல்ல மாணவன்’ என்று ஒரு உருவம் இருந்தது. ஏழைப் பகுதிப் பிள்ளைகள் அதற்குப் பொருந்தவில்லை. ஆசிரியர்களும் காலப்போக்கில் வேறு பகுதிப் பள்ளிகளுக்கு மாற்றல் தேடினார்கள். தமிழ்ப் பள்ளி டீச்சர்கள் தங்கள் சொந்தப் பிள்ளைகளை எந்த மீடியத்தில் சேர்த்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பணிவாகக் கேளுங்கள்.

உங்கள் சார்பை என்ன செய்வது? ஸ்வீடன் நாட்டுப் பொருளியலாளர் குன்னர் மிர்தால், அமெரிக்கக் கறுப்பின மக்களைப் பற்றிய 1944 ஆய்வில் ஒரு வழி காட்டினார்: ஒளிக்காதே, எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடு. முறையியல் இயலில் ஒரே ஒரு பக்கம் போதும். நான் இங்கே படித்தவள், தமிழ்ப் பள்ளிகள் நீடிக்க வேண்டும் என்று விரும்புகிறவள் என்று எழுதுங்கள். அதற்குக் கீழேயே, எது தெரியவந்தால் உங்கள் வாதம் விழும் என்பதையும் எழுதுங்கள். உதாரணத்துக்கு, மொழி ஒரு காரணமே இல்லை, கழிப்பறைக்குக் கதவு இல்லாததால்தான் பெண்பிள்ளையை மாற்றினோம் என்று பல வீடுகளில் சொன்னால்? களத்துக்குப் போகும் முன்பே இதைத் தேதி போட்டு எழுதி கைடிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். அப்புறம் யாரும் உங்களைப் பயாஸ் என்று சொல்ல முடியாது. பரிந்துரைகளைக் கடைசி இயலில் தனியாக வையுங்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009, பயிற்றுமொழி முடிந்தவரை தாய்மொழியாக இருக்க வேண்டும் என்கிறது, பிரிவு 29(2)(f). அதை அங்கே மேற்கோள் காட்டி, மாநகராட்சி என்ன செய்ய வேண்டும் என்று தாராளமாகக் கேளுங்கள்.

இப்போது அந்த சென்டர். இவர்களின் வேலை எனக்கு அத்துப்படி. நூறு, இருநூறு கேள்வித்தாள்களைத் தாங்களே நிரப்பித் தருவார்கள். ‘வேல்யூ ஸ்கேல்’ (விழுமியங்களை அளக்கும் வினாப்பட்டியல்) என்று ஒரு ஜெராக்ஸ் கட்டை நீட்டுவார்கள். பல நேரம் அது ஆல்போர்ட், வெர்னன் என்ற உளவியலாளர்கள் 1931இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை மனத்தில் வைத்துச் செய்த அளவுகோலின் பேரனாக இருக்கும். மனிதர்களின் ஈடுபாட்டை அறிவு, பொருளாதாரம், அழகு, சமூகம், அரசியல், சமயம் என்று ஆறாகப் பிரிக்கும் கருவி அது. தோல் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு தகப்பனின் மனத்தை அளக்க அதுவா கருவி? பிறகு எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் போட்டு, 0.05 மட்டத்தில் (புள்ளியியலில் வழக்கமாக வைக்கும் வரம்பு) வேறுபாடு உண்டு என்று அட்டவணை வரும். ‘ஆய்விதழில் பேப்பரும் போட்டுத் தருகிறோம்’ என்று அதற்குத் தனி ரேட் சொல்வார்கள். எம்.ஏ.வுக்கு எதற்கு பேப்பர்? அதே ஆய்வேடு அடுத்த வருடம் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டு இன்னொரு கல்லூரிக்குப் போகும். வைவாவில் ‘இந்த வீடுகள் எந்தத் தெருவில் இருக்கின்றன?’ என்று ஒரு கேள்வி வந்தால் என்ன சொல்வீர்கள், அம்மா?

பிறர் எழுத்தைக் காப்பியடிப்பதற்கு எதிராக யூஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிகளும் இருக்கின்றன. ஏற்கெனவே வந்த எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைத் தர முடியாது. அதையும் தாண்டினால் பதிவே ரத்து. மாட்டுவது மாணவர். சென்டர்காரர் போர்டை மாற்றிக்கொண்டு பக்கத்துத் தெருவில் கடை திறப்பார். ஒரே கைடின் தலையில் தாங்காத எண்ணிக்கையில் மாணவர்களைக் கட்டி, படிக்காமல் கையெழுத்துப் போடும் நிலைக்கு அவரைத் தள்ளியது பல்கலைக்கழகங்கள்தான். இந்தக் கடைகள் பிழைப்பது அதனால்தான்.

மேலே நான் சொன்னதன் சாரம் ‘களத்தில் தீர்ப்புச் சொல்லாதே’ என்பதுதான். அதற்கு ஒரு விலக்கு உண்டு. இதை இரண்டு முறை படியுங்கள். பிள்ளைகளிடம் பேசப் போகிறீர்கள் என்றால் பெற்றோர் சம்மதமும் வேண்டும், பிள்ளையின் சம்மதமும் வேண்டும். அந்தச் சம்மதப் படிவத்தில் ‘நீங்கள் சொல்வது எதுவும் வெளியே போகாது’ என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எழுதாதீர்கள். ஒரு பிள்ளை தனக்குப் பாலியல் தொல்லை நடப்பதாகச் சொன்னால், போக்சோ சட்டம் (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம்) 2012, பிரிவு 19 படி நீங்கள் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். ஆய்வாளர் என்பதற்காக அதில் விலக்கு இல்லை. தெரிவிக்காவிட்டால் பிரிவு 21இல் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ‘உனக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் பெரியவர்களிடம் சொல்வேன்’ என்று பேட்டி தொடங்கும் முன்பே பிள்ளைக்குப் புரியும்படி சொல்லிவிடுங்கள். வகுப்பில் அடித்தார்கள் என்று சொன்னாலும் ‘சுவாரசியமான தரவு’ என்று குறித்துக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது. என்ன செய்வது என்று தெரியாத நிலையில் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் செய்யுங்கள். கைடுக்கும் அன்றே எழுத்தில் சொல்லுங்கள்.

மற்றபடி, திருத்திய கேள்வித்தாளோடும் அந்த ஒரு பக்கத்தோடும் கைடை நேரில் பாருங்கள். ‘எந்த வரியில் பயாஸ், சார்?’ என்று கேட்டு, அவர் காட்டும் வரியை அவர் முன்னாலேயே மாற்றி எழுதுங்கள். பள்ளிக்குள் போக மாநகராட்சிக் கல்வித் துறையின் அனுமதி வேண்டியிருக்கும். அந்த மனு எத்தனை மேசையில் தூங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் கைடு ஒப்புதலுக்குக் காத்திருக்காமல் மனுவை இந்த வாரமே கொடுத்து, நகலில் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வீடுகளில் பெற்றோரிடம் பேச அந்த அனுமதி தேவையில்லை. கல்லூரி ஒப்புதல் கிடைத்ததும் அங்கிருந்து தொடங்கிவிடலாம்.