சேலத்து வக்கீல் மாகாணத்தை ஆண்டபோது

சின்ன ஊரில் வக்கீலாக இருந்து மாநில அரசியலில் உயர்ந்தவர் என்றால் யாரைச் சொல்வீர்கள், வக்கீல் புத்தி ஆட்சிக்கு உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் ராஜாஜியைத்தான் சொல்வேன். கவர்னர் ஜெனரலாக இருந்ததைத்தான் பலரும் பேசுகிறார்கள். எனக்கு அவருடைய சேலம் காலம்தான் பெரிதாகப் படுகிறது. 1900-இல் அங்கே தொழில் தொடங்கி, கிரிமினல் வழக்குகளில் பெயர் எடுத்து, 1917-இல் நகராட்சித் தலைவரானார். ஒத்துழையாமை இயக்கம் வந்ததும் நன்றாக ஓடிக்கொண்டிருந்த தொழிலை விட்டார். அப்புறம் சிறை, திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் ஆசிரமம், வேதாரண்யம் உப்பு யாத்திரை. 1937-இல் சென்னை மாகாணத்தின் பிரதமர். முதலமைச்சருக்கு அப்போது அதுதான் பெயர்.

வக்கீல் புத்தி கைகொடுத்தது என்பதற்கு மதுரை ஒன்றே போதும். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர், அவரும் வக்கீல்தான், ஒடுக்கப்பட்டவர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். வழக்கத்தை மீறிவிட்டார்கள் என்று கோயில் நிர்வாகிகளைக் கோர்ட்டுக்கு இழுக்க அன்றைய சட்டத்தில் இடம் இருந்தது. ராஜாஜி உடனே அவசரச் சட்டத்துக்கு ஏற்பாடு செய்தார். இனி நடப்பதற்கு அனுமதி மட்டும் இல்லை, நடந்து முடிந்ததற்கும் சேர்த்துப் பாதுகாப்பு. அதே வருடம் அது முறையான சட்டமும் ஆனது. எதிர்த்தரப்பு எந்த ஓட்டை வழியாக வரும் என்று முன்கூட்டியே பார்த்து அடைப்பது கோர்ட்டில் பழகியவருக்குத்தான் வரும். மதுவிலக்கையும் முதலில் தன் சேலம் மாவட்டத்தில்தான் கொண்டுவந்தார். போன வருமானத்தை ஈடுகட்ட விற்பனை வரி வந்தது.

சரி, அதே புத்தி அவரைக் கவிழ்க்கவும் செய்தது. வாதம் சரியாக இருந்தால் தீர்ப்பு தானாக வரும் என்று நம்பிய மனிதர் அவர். 1938-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியபோது தெருவில் எழுந்த கோபத்தை அவர் மதிக்கவில்லை. 1952-இல் தேர்தலில் நிற்காமல், மேலவை நியமனம் வழியாக மறுபடி முதலமைச்சர் ஆனார். மறுவருடம் கிராமத்துப் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியில் படிக்கட்டும், மீதி நேரம் பெற்றோர் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம். சட்டசபையைக் கேட்காமலே அமலுக்கு வந்தது. குலக்கல்வி என்று பெரியார் எதிர்த்தார், தி.மு.க. எதிர்த்தது, சொந்தக் கட்சிக்காரர்களே எதிர்த்தார்கள். அவர்கள் பக்கம்தான் நியாயம். அப்பன் தொழிலிலிருந்து வெளியேறத்தானே ஏழைப் பிள்ளை பள்ளிக்கூடம் வருகிறது?

1954-இல் பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் சிறுவயதிலேயே படிப்பை நிறுத்தியவர். வந்த வேகத்தில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்.