எந்த நகரத்தில் கம்பெனி தொடங்குவது?

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறோம். அப்பாவுக்குப் பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன். வெளிநாட்டில் ஒரு கம்பெனி பதிவு செய்ய எண்ணம். சிங்கப்பூர், துபாய், லண்டன் மூன்றையும் ஒப்பிட்டு அட்டவணை போட்டிருக்கிறேன். வரியில் துபாய் (9%), தொழில் செய்ய எளிதான நாடுகள் என்ற உலக வங்கித் தரவரிசையில் சிங்கப்பூர், பெயருக்கு லண்டன். எதைத் தேர்ந்தெடுப்பது? வெளியே போவது ஊருக்குச் செய்யும் துரோகம் என்கிறார் மாமா.

வாசகர், திருப்பூர்

அன்புள்ள தம்பி,

மாமா சொல்வதை விடுங்கள். வரி விகிதத்தை உங்கள் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்.

ஆனால் அந்தத் தரவரிசையை எப்படி நம்பினீர்கள்? தரவுகளில் முறைகேடு நடந்தது தெரிந்து, 2021இல் உலக வங்கியே அதை நிறுத்திவிட்டது. படித்த பிள்ளை, தேதியையாவது பார்த்திருக்க வேண்டாமா? அதில் இந்தியா என்றால் மும்பையும் டெல்லியும்தான். உங்கள் திருப்பூர் அதில் எங்கும் இல்லை.

ஆனாலும் அதன் கடைசிப் பதிப்பில் ஒரு தகவல் மட்டும் சில வாரங்களாக என்னை விடாமல் துரத்துகிறது. வராத பணத்துக்கு வழக்குப் போட்டு வசூலிக்க சிங்கப்பூரில் 164 நாள், இந்தியாவில் 1,445 நாள். வாடகை வரைக்கும் கணக்கிட்ட உங்கள் அட்டவணையில் வசூலுக்கு ஓர் இடமும் இல்லை!

என் சித்தப்பா துபாய் தேராவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். கம்பெனி வருமானத்துக்கு வரியே இல்லாத காலம் அது. ஒரு கட்டட ஒப்பந்தக்காரருக்குத் தொண்ணூறு நாள் கடனில் சரக்குக் கொடுத்தார். அதை நம்பி, தனக்குச் சரக்கு அனுப்பியவருக்குப் பின்தேதியிட்ட காசோலை எழுதினார். ஒப்பந்தக்காரர் இரவோடு இரவாக நாட்டைவிட்டுப் போய்விட்டார். சித்தப்பாவின் காசோலை திரும்பியது. அப்போது அங்கே அதற்குச் சிறை. யாரையும் ஏமாற்றாத மனிதர் உள்ளே போனார். சித்தி நகைகளை விற்று மீட்டார். 2022இல் சட்டம் மாறி, மோசடி நோக்கம் இல்லாமல் பணக்குறைவால் திரும்பும் காசோலைக்குச் சிறை இல்லை என்றாகிவிட்டது. சித்தப்பா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

லண்டனிலும் சட்டம் உண்டு. தாமதமாகப் பணம் தருபவரிடம் இங்கிலாந்து மத்திய வங்கியின் அடிப்படை வட்டி விகிதத்துக்கு மேல் 8 சதவீதம் வட்டி கேட்கலாம். 1998ஆம் ஆண்டுச் சட்டம். பெரிய கடைக்காரரிடம் அதைக் கேட்டுவிட்டு அடுத்த ஆர்டரை எதிர்பார்க்கும் துணிச்சல் எத்தனை சிறு வியாபாரிகளுக்கு இருக்கிறது?

இன்னொன்றையும் நன்றாகக் கேளுங்கள். வாங்குபவரின் சொத்து வேறு நாட்டில் இருந்தால், சிங்கப்பூரில் தீர்ப்பு வாங்கினாலும் அந்த நாட்டுக்குப் போய்த்தான் பணத்தைப் பிடிக்க வேண்டும். அதே சமயம், திருப்பூரில் உட்கார்ந்தபடியே, தகராறு வந்தால் நீதிமன்றத்துக்குப் பதில் சிங்கப்பூரில் நடுவர் மன்றம் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம். 1958ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில் அந்த நடுவர் தீர்ப்பைச் செயல்படுத்த வழியுண்டு. அங்கே கம்பெனி வைத்திருக்க வேண்டிய கட்டாயமே இல்லை.

அப்பாவின் பழைய பேரேட்டை எடுங்கள். யார் எத்தனை நாள் கழித்துப் பணம் தந்தார், யார் தரவே இல்லை, அவர்களின் சொத்து எந்த ஊரில் இருக்கிறது என்று எழுதி அனுப்புங்கள். எந்த நகரம் என்பதைப் பிறகு பேசுவோம்.