துருக்கி நிலநடுக்கத்தை ஒருவர் முன்கூட்டியே கணித்தார் என்பது உண்மையா?

2023 பிப்ரவரி 6 அன்று துருக்கியையும் சிரியாவையும் 7.8 அளவிலான நிலநடுக்கம் உலுக்குவதற்கு மூன்று நாள் முன்பே, கோள்களின் நிலையைக் கொண்டு ஆருடம் கூறும் நெதர்லாந்துக்காரர் ஒருவர் அதைக் கணித்துவிட்டார் என்று பரவிய செய்தியை நம்ப வேண்டியதில்லை. அவருடைய ட்விட்டர் பதிவில் என்றாவது ஒருநாள் வரும் என்றுதான் இருந்ததே தவிர, நாள் குறிப்பிடப்படவில்லை; பூமியின் பாறைத் தட்டுகள் உரசும் விரிசலான கிழக்கு அனத்தோலியப் பிளவு செல்லும் அப்பகுதியில் பெரிய அதிர்வு வரக்கூடும் என்பதோ புவியியலாளர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்ததுதான். நாள், இடம், அளவு ஆகிய மூன்றையும் திட்டவட்டமாகச் சொல்லாத எதுவும் கணிப்பாகாது என்பதே அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் நிலைப்பாடு. பொய்த்துப்போன ஆருடங்களை யாரும் பகிர்வதில்லை. பலித்ததுபோல் தோன்றும் ஒன்று மட்டும் கோடிக்கணக்கானோரைச் சென்றடைகிறது. அந்த நாட்களில், 2021-இல் ஃபுளோரிடாவின் சர்ஃப்சைடில் குடியிருப்புக் கட்டடம் சரிந்த காணொளியும் துருக்கியில் எடுக்கப்பட்டது என்றே கைமாறியது.